வாயால் ஓட்டிய வழி

புஷ்பவல்லி முதலில் இடது கையால் எழுதிப் பார்த்தாள். எழுத்துகள் கள்ளுக்கடையை விட்டு வெளியே வந்தவை போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விழுந்தன. அந்தத் தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். அரிசிப் பானையின் மூடியைக் கவிழ்த்து மடியில் வைத்து, இன்னொரு நீலத் தாளை விரித்தாள். வலது கையாலேயே எழுதுவோம், ஆனால் எழுத்தைப் பின்புறம் சாய்த்து எழுதுவோம் என்று முடிவு செய்து பேனாவை மையில் தோய்த்தாள். கை தன் பழக்கத்தில் மேலே ஒரு பிள்ளையார் சுழியைப் போட்டுவிட்டு முதல் வரிக்கு இறங்கியது.

முன்கூடத்தில் அவள் கணவர் நாகையா கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மேடான் தாண்டியாச்சு... பிராஸ்தாகி மலை ஏத்தம்... ரெண்டாவது கியர்..."

வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. அவர் சுமத்ராவை முடித்து ஜாவாவில் இறங்க இன்னும் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் கடிதத்தை முடித்துவிட வேண்டும்.

கூடத்தில் காரும் இல்லை, சாலையும் இல்லை. மோரிஸ் காரின் முன் இருக்கை மட்டும் இருந்தது. நாகையாவின் கால்கள் இரண்டும் முழங்கால்வரை வீங்கி, படுத்தால் மூச்சு அடைக்க ஆரம்பித்தபோது, எந்த நாற்காலியும் அவருக்குச் சரிப்படவில்லை. மூலைச் சாப்பாட்டுக் கடை அகமதுதான் யோசனை சொன்னார். கொட்டகையில் நிற்கும் காரிலிருந்து முன் இருக்கையைக் கழற்றி, நான்கு செங்கல்லின்மேல் தூக்கி வைத்துச் சுவரோடு சாய்த்தார். அதில் உட்கார்ந்த பிறகுதான் நாகையாவுக்கு இழுத்து மூச்சு விட முடிந்தது. பத்து நாளாக அவருக்குப் படுக்கை, சாப்பாடு எல்லாம் அதில்தான். இரண்டு பேர் உட்காரும் நீள இருக்கை. அவர் வலது பக்கத்தை விட்டு நகரவே இல்லை. இடது பக்கம் புஷ்பவல்லிக்கு.

அன்று காலையில் வந்த டாக்டர் கைகழுவும்போது அவளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, "சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடும்மா. இன்னைக்கு, இல்லன்னா நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் கிள்ளானிலிருந்த நாத்தனாருக்கு ஆள் அனுப்பினாள். பிறகு சமையற்கட்டுக்கு வந்து பேனாவைத் தேடினாள்.

காரணம் இருந்தது.

நாகையா இருபது வருஷம் ஒரு தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டியவர். அந்தத் துரைக்கு ஒரு வழக்கம். தூரப் பயணம் என்றால் டிரைவரை ஸ்டேரிங்குக்கு முன்னால் உட்காரவைத்து, இன்ஜினை எடுக்காமலே, போக வேண்டிய வழியை முழுக்கச் சொல்லச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பாலம், ஒவ்வொரு திருப்பம், பெட்ரோல் கிடைக்கும் ஒவ்வொரு சீனன் கடை. ஒன்று விட்டுப்போனாலும் மறுபடியும் முதலிலிருந்து. வாயால் ஓட்டி முடிக்காத வழியில் வண்டியை எடுக்கவே கூடாது. ரப்பர் விலை விழுந்த வருஷம் துரை சீமைக்குக் கப்பல் ஏறினார். பழைய மோரிஸும் அந்த வழக்கமும் நாகையாவுக்கு மிஞ்சின.

"இருபது வருஷமா அவங்க சொன்ன எடத்துக்கு ஓட்டினேன், புஷ்பம். ஒரு தடவை எனக்குத் தோணின எடத்துக்கு ஓட்டணும்" என்றார் அவர் ஒருநாள். அவருக்குத் தோன்றிய இடம் பக்கத்தில் இல்லை. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுக ஜெட்டியில் துரைக்காகக் காத்திருந்தபோதெல்லாம் கார்களைக் கயிறு கட்டித் தூக்கிக் கப்பலில் இறக்குவதைப் பார்த்திருக்கிறார். சுமத்ராவில் இறங்கினால் தெற்கு முனைவரை சாலை. பிறகு கொஞ்சம் கடல். அப்புறம் ஜாவா, மறுபடி சாலை. மறுபடி கொஞ்சம் கடல். அப்புறம் பாலித் தீவு.

"ஒரு தீவு முடிஞ்சா கப்பல், கப்பல் எறங்கினா ரோடு. கோத்து வச்ச மாதிரி இருக்கு பாரு."

"எனக்குக் கப்பல்னாலே வாந்தி வரும்."

"எடு. நான் தலையப் பிடிச்சுக்கறேன்."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ராமேசுவரம் போய்வா என்று சொந்தக்காரர்கள் சொல்லி அலுத்துவிட்டார்கள். தீவுதானே, வேறு தீவுக்குப் போகிறேன் என்று நாகையா கேலி பேசுவார்.

அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும்; எழுதக் கை வணங்காது. புஷ்பவல்லி ஐந்தாவதுவரை படித்தவள். பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த வரிசை வீடுகள் அத்தனைக்கும் அவள்தான் கடிதம் எழுதுவாள். நல்ல சேதி என்றால் மேலே பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். இழவுச் சேதி என்றால் இரண்டும் கிடையாது. மூன்று வருஷமாக நாகையா சொல்லச் சொல்ல, முன்பின் பார்த்திராத மனிதர்களுக்கெல்லாம் எழுதினாள். மேடானில் மாட்டுவண்டி ஓட்டும் தமிழர் ஒருவர், பாடாங்கில் துணிக்கடைக்காரர், சுரபாயாவில் ஒரு கப்பல் குமாஸ்தா. ஆற்றில் பாலமா, தோணியா? பெட்ரோல் எங்கே கிடைக்கும்? மலையில் மழைக்காலத்தில் மண் சரியுமா? எல்லாக் கடிதத்திலும் கடைசியாக ஒரு கேள்வியை நாகையா சொல்லாமலே அவள் சேர்ப்பாள்: ‘பெண்கள் குளிக்க மறைவான இடம் உண்டா?’

யாரும் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியதில்லை.

ஜாவாவின் கிழக்குக் கோடியில் பன்யுவாங்கி என்ற ஊர். அங்கே துணி விற்கும் கிஃபாயத்துல்லா அகமதுவுக்கு ஊர்க்காரர். அவரிடமிருந்து முதல் கடிதம் வந்தபோது, உச்சியில் ‘786’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னும் எழுநூத்தி எண்பத்தாறு மைல் இருக்குன்னு எழுதியிருக்காரே" என்று புஷ்பவல்லி கவலையோடு சொன்னாள். அகமது டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "தங்கச்சி, அது மைல் இல்ல. நீங்க மேல சுழி போடறீங்கல்ல, நாங்க அத எழுதுவோம். ஆண்டவன் பேர்ல ஆரம்பிக்கிறது."

சுமத்ரா முடிந்தது, ஜாவாவும் முடிந்தது. பன்யுவாங்கியிலிருந்து பாலிக்குப் போகும் அந்தச் சின்னக் கடலில் காரைக் கொண்டுபோக முடியுமா என்பது மட்டும் தெரியவில்லை. அதைக் கேட்டு எழுதி மூன்று மாதம் ஆகியும் பதில் இல்லை. அதற்குள் நாகையாவின் கால்கள் வீங்கத் தொடங்கின.

பத்து நாளாக அவர் அந்த இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடி ஓட்டுகிறார். பன்யுவாங்கிவரை வருவார். கடல் வந்ததும் நின்றுவிடுவார். நெற்றியெல்லாம் வேர்க்கும். "தபால் வந்திச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால் மறுபடி மேடானிலிருந்து. மூச்சு இழுக்க இழுக்க அந்தத் தண்ணீர்க் கரைக்கு வந்து வந்து திரும்பும் மனிதரைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. போகிறவர் அந்தக் கடலைத் தாண்டிப் போகட்டும். அதற்குத்தான் இந்தப் பொய்க் கடிதம்.

என்ன எழுதுவது? கிள்ளான் ஆற்றில் ஒருமுறை லோரியைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதையே எழுதினாள். ‘இரண்டு பெரிய சம்பான் படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, அதில் காரை ஏற்றிக் காலையில் கடல் அமைதியாக இருக்கும்போது ஒரு மணி நேரத்தில் அக்கரை சேர்த்துவிடுவார்கள். பயம் ஒன்றும் இல்லை. இப்படிக்கு, கிஃபாயத்துல்லா.’

கிஃபாயத்துல்லாவின் பழைய உறை ஒன்று, டச்சு ராணித் தலை போட்ட தபால்தலையோடு அலமாரியில் இருந்தது. தாளை மடித்து அதில் போட்டாள். புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது நாகையா பன்யுவாங்கிக் கரையில் கண்ணைத் திறந்திருந்தார்.

"தபால் வந்திச்சா?"

"வந்திருக்குங்க" என்றாள். "ஜாவாவுலேருந்து."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். இரண்டு சம்பான், பலகை, ஒரு மணி நேரம். நாகையா கை நீட்டினார். கடிதத்தைக் கொடுத்தாள். கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். படிப்பதுபோல் தெரியவில்லை. பார்வை தாளின் மேல்பக்கத்திலேயே நின்றது. பிறகு அவளைப் பார்த்தார்.

"கிஃபாயத்துல்லாவுக்கு எழுத்து நல்லா வந்திருக்கே இந்தத் தடவை" என்றார்.

"ஆமாங்க."

"அந்தச் செவப்புப் பென்சில எடுத்துக் குடு. ஒரு டம்ளர் தண்ணியும் வை. நீ போய் அடுப்பப் பாரு."

சிவப்புப் பென்சில் வழியைக் குறித்துக்கொள்ள அவர் வைத்திருப்பது. எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது கடிதம் உறைக்குள் இருந்தது. அவர் விரல் நுனி ஈரமாக இருந்தது. தண்ணீர் அப்படியே இருந்தது, குடிக்கவில்லை.

நாலு மணிக்கு வழக்கம்போல் அகமது டீயோடு வந்தார். நாகையா அவரை உட்காரக்கூட விடவில்லை.

"அகமது, ஒன் ஊர்க்காரன் எழுதிட்டான்! படி!"

புஷ்பவல்லி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அகமது உறையிலிருந்து தாளை எடுத்து, வெளிச்சத்துப் பக்கம் திரும்பி, உதடு அசையப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சம்பான்ல காரா! மோரிஸுக்கு நீச்சல் தெரியுமாண்ணே?"

"ஒனக்குத் தெரியாது, நீ டீ ஆத்து" என்றார் நாகையா. கடிதத்தை இருக்கைக்கும் முதுகுத் திண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் செருகினார். "புஷ்பம், வா. ஏறு."

அவள் இடது பக்கம் உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடினார். வீங்கிய கைகள் மடிக்குமேல் ஸ்டேரிங்கைப் பிடித்த மாதிரி உயர்ந்தன. பெலாவான் ஜெட்டியில் கார் இறங்கியது. மேடானில் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு சூடம். தோபா ஏரி இடது பக்கம், அங்கே பார்க்காதே, வளைவு இருக்கிறது. சிபோல்காவுக்கு இறங்கும் வளைவுகளை எண்ணி மாளாது, ஹாரனை விடாதே. பாடாங், பலெம்பாங். சொல்லச் சொல்ல மூச்சு சில இடங்களில் அறுந்தது. காத்திருந்து மறுபடி பிடித்தார்.

"அண்ணே, தீவு பூரா ஓட்டிட்டீங்க, ஒரு டீக்கு நிறுத்த மாட்டீங்களா லா?" என்றார் அகமது. கேலியாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பத்தாவியா, சுரபாயா. பன்யுவாங்கி வந்தது. கடல் வந்தது. நாகையாவின் கைகள் நின்றன.

புஷ்பவல்லி அவர் நெற்றியைப் பார்த்தாள்.

அவர் கண்ணைத் திறக்காமலே ஸ்டேரிங்கை அவள் பக்கம் தள்ளுவதுபோல் கையை நகர்த்தினார். "இந்த எடத்துல நீ ஓட்டு. இந்த வழி ஒனக்குத்தான் தெரியும்."

"அய்யோ, எனக்கென்னங்க தெரியும்?"

"படிச்சியே. சொல்லு."

களைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அவள் சொன்னாள். ரெண்டு சம்பான் சேர்த்துக் கட்டியிருக்கு. பலகை ஆடுது. காரு மெதுவா ஏறுது. சக்கரத்துக்குக் கட்டை வச்சாச்சு. தண்ணி சும்மா கண்ணாடி மாதிரி இருக்குங்க. சொல்ல ஆரம்பித்ததும் அது தானாக வந்தது, கடிதத்தில் இல்லாததெல்லாம் வந்தது. மீன் துள்ளுது. எனக்கு வாந்தி வரல. அதோ தென்ன மரம். கரை வந்திடுச்சுங்க.

"பாத்து எறங்கு. கால் நனையும்" என்றார் நாகையா. கைகளை மடியில் இறக்கினார். நெற்றியில் வேர்வை இல்லை.

அகமது டீக் குவளைகளை அடுக்கிக்கொண்டு, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, சொல்லாமலே போய்விட்டார்.

அன்று இருட்டியதிலிருந்து நாகையா தபாலைப் பற்றிக் கேட்கவே இல்லை. தூங்கினார், விழித்தார், தூங்கினார். விடிந்து ரயில்வே பட்டறையின் சங்கு ஊதும் நேரத்தில் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள். இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உப்பே இல்ல."

"டாக்டர் போடக் கூடாதுன்னாருங்க."

"ஒரு கல்லு போடேன், புஷ்பம்."

இனி என்ன உப்பு, என்ன டாக்டர் என்று நினைத்தபடி அவள் உள்ளே போனாள். ஜாடியிலிருந்து இரண்டு கல் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தாள். நாகையா கஞ்சிக்குக் காத்திருப்பவர்போல் வாயைக் கொஞ்சம் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். உப்பைக் கஞ்சியில் போட்டுக் கலக்கியும்விட்டாள். கரண்டியை அருகில் கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது.

கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு இடது பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியில் கல் லோரி ஒன்று போனது. இருக்கையின் ஸ்பிரிங் இரண்டு பேருக்கும் சேர்த்து லேசாக அதிர்ந்தது.

பத்து மணிக்குக் கிள்ளான் ரயிலில் நாத்தனார் இராஜம்மா வந்தாள். தெருமுனையிலேயே ஆரம்பித்த அழுகை வாசல்வரை ஓயவில்லை. தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு, "தீவு தீவா சுத்தப் போறேன்னியேடா! இந்தத் தெருவத் தாண்டலியேடா!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். ஒப்பாரியின் நடுவே மூக்கைச் சிந்திவிட்டு, சாதாரணக் குரலில், "அந்த ஓட்ட வண்டிய நெனச்ச நேரத்துக்கு ஒடம்ப நெனச்சிருந்தா நல்லா இருந்திருப்பான். நீயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று புஷ்பவல்லியைக் கேட்டாள்.

"நானும் போறதாத்தான் இருந்தேன், அண்ணி" என்றாள் புஷ்பவல்லி.

இராஜம்மா அவளை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு மறுபடி அழப் போனாள்.

கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாததால் சின்னையா என்ற ஒன்றுவிட்ட தம்பி மொட்டை அடித்துக்கொண்டார். மதியத்துக்குமுன் எடுத்துவிட்டார்கள். அகமது சாப்பாட்டுக் கடையை அடைத்துவிட்டு, பாடையின் பின்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். தப்புச் சத்தம் ரயில் பாதையைத் தாண்டித் தேய்ந்து மறைந்தது.

பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். புஷ்பவல்லியின் தலையில் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்டினார்கள். நெற்றியில் குங்குமம் கரைந்தது போக மிச்சம் இருந்தது. அதை முழுசாக அழிப்பதற்கு ஒரு நாள் குறித்து வைத்திருந்தார்கள்.

"உசிரு போன மெத்த, வீட்டுல இருக்கக் கூடாது" என்றாள் இராஜம்மா. இரண்டு பெண்கள் சேர்ந்து காரின் இருக்கையைத் தூக்கிப்போய்க் கொட்டகை வாசலில் போட்டார்கள். போடும்போது இடுக்கிலிருந்து அந்தக் கடித உறை நழுவி விழுந்தது. புடவை மாற்றி வந்த புஷ்பவல்லி குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்போதுதான் தபால்காரர் சைக்கிளில் வந்தார். கழுவிவிட்ட வாசலையும் கலைந்து கிடந்த பூவையும் பார்த்ததும் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா... அண்ணன் பேருக்குத்தான் வந்திருக்கு. மூணு மாசமா கேட்டுக்கிட்டே இருந்தாரே... அது" என்றார். கையில் கொடுக்கத் தயங்கிக் கொட்டகைத் திண்டின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

டச்சு ராணித் தலை. புஷ்பவல்லி கொட்டகை வாசலில் கிடந்த இருக்கையின் இடது பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தாள்.

உச்சியில் 786. கீழே கிஃபாயத்துல்லாவின் குண்டுக் குண்டு எழுத்து.

‘அன்புள்ள நாகையா அண்ணனுக்கு. தாமதத்துக்கு மன்னிக்கவும். மகளுக்குப் பிரசவம் கஷ்டமாகிவிட்டது, இப்போது தாயும் பிள்ளையும் சுகம். நீங்கள் கேட்டதை ஜெட்டியில் நாலு பேரிடம் விசாரித்தேன். காரை அக்கரை கொண்டுபோக இங்கே படகு இல்லை. அலை பொல்லாதது, பலகைக் கட்டெல்லாம் நிற்காது. ஆகையால் மனம் வருந்த வேண்டாம். உங்கள் காரை என் கொட்டகையில் விட்டுவிட்டு ஆட்கள் போகும் படகில் போகலாம். கொட்டகையில் இருந்த மூட்டைகளை இப்போதே எடுத்துவிட்டேன். அக்கரையில் என் மைத்துனர் குதிரைவண்டியோடு நிற்பார். பெண்கள் குளிக்க மறைவான இடம் கேட்டிருந்தீர்கள். எங்கள் கிணற்றைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டி, கதவும் வைத்துவிட்டேன். தங்கை மீன் சாப்பிடுவார்களா என்று என் வீட்டில் கேட்கிறார்கள். வரும் தேதியை எழுதினால் ஜெட்டியில் வந்து நிற்பேன்.’

இரண்டு முறை படித்தாள். அலை பொல்லாதது, பலகைக் கட்டெல்லாம் நிற்காது. இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் பழகிய மனிதர் இதை எப்படி நம்பினார்? கிள்ளான் ஆற்றில் அந்த லோரியைப் பார்த்த அன்று பக்கத்தில் நின்றவரும் அவர்தானே?

இடுப்பிலிருந்த தன் கடிதத்தை எடுத்துப் பிரித்து, மடியில் அதன் பக்கத்தில் வைத்தாள்.

தாளின் உச்சியில் ஒரு நீலக் கறை. ஈர விரலால் தேய்த்துத் தேய்த்து மையைக் கலைத்த கறை. அதன் அடியில், தெரிந்தும் தெரியாமலும், அவள் போட்ட பிள்ளையார் சுழியின் வால். கறைக்குமேல் சிவப்புப் பென்சிலால், எழுதக் கை வணங்காத ஒருவர் அழுத்தி அழுத்தி எழுதிய மூன்று எண்கள். எட்டின் மேல்வட்டம் மூடவில்லை. ஆறு கோணலாக இருந்தது.

786.

ஒரு முஸ்லிம் எழுதும் கடிதத்துக்கு அவள் பிள்ளையார் சுழி போட்டிருந்தாள். அகமது வந்து படிப்பதற்குள் அவர் அதைத் திருத்தியிருந்தார்.

இந்த வழி ஒனக்குத்தான் தெரியும். நீ ஓட்டு.

அவள் இரண்டு கடிதத்தையும் மடித்தாள். மடிப்புச் சரியாக வரவில்லை. மறுபடி பிரித்து மடித்தாள்.

வெயில் சாய்ந்தபோது அகமது சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தார். குளித்த தலை காய்ந்திருக்கவில்லை. வாசலுக்கு வெளியே நின்றபடியே, "நல்லபடியா ஆச்சு, தங்கச்சி" என்றார். திண்டின்மேல் கிடந்த புது உறையைப் பார்த்தார். தபால்தலையைப் பார்த்தார். நேற்றுப் படித்த கடிதம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவளைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக, "கிஃபாயத்துக்கு நான் எழுதிப் போட்டுடவா?" என்றார்.

"வேணாண்ணே. அவரு மூட்டையெல்லாம் எடுத்து எடம் பண்ணி வச்சிருக்காரு. எனக்குத் தட்டி கட்டியிருக்காரு. நானே எழுதறேன்."

"இன்னைக்கேவா?" என்றாள் உள்ளேயிருந்து இராஜம்மா. "துக்க வீட்டுல உக்காந்து லெட்டர் எழுதறாளாம்!"

"இன்னைக்கே எழுதணும், அண்ணி. அவரு ஜெட்டியில வந்து நிப்பாரு."

அரிசிப் பானையின் மூடியையும் மைக்குப்பியையும் எடுத்துவந்து மறுபடி இருக்கையின் இடது பக்கம் உட்கார்ந்தாள். வலது பக்கம் பத்து நாள் பாரத்தில் குழிந்திருந்தது. அவள் அதில் எதையும் வைக்கவில்லை. நீலத் தாளை விரித்து, பேனாவைத் தோய்த்தாள்.

கை தன் பழக்கத்தில் தாளின் உச்சிக்குப் போனது. அங்கே நின்றது.

பேனா முனையில் மை திரண்டு சொட்டுவதற்குள் கையை மெல்லக் கீழே இறக்கினாள். மேலே இரண்டு விரற்கடை வெறுந்தாளாகவே விட்டுவிட்டு, எழுத்தைச் சாய்க்காமல், தன் சொந்தக் கையெழுத்தில், ‘அன்புள்ள கிஃபாயத்துல்லா அண்ணனுக்கு’ என்று எழுதத் தொடங்கினாள்.